முகத்தைப் பார்த்து வாங்கிய அலாய்

என் மாருதி சுசூகி ஸ்விஃப்ட்டில் இதுவரை மூன்று செட் சக்கரங்கள் ஓடியிருக்கின்றன. கம்பெனியிலிருந்து வந்தது ஒன்று, ஆசைப்பட்டு மாட்டியது ஒன்று, புத்தி வந்தபின் மாட்டியது ஒன்று. நடுவில் உள்ளதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

வண்டி 2014 மாடல் டீசல், நடுத்தர வேரியன்ட், செகண்ட் ஹேண்ட். 14 அங்குல இரும்பு டிஸ்க், மேலே பிளாஸ்டிக் வீல் கப், 165/80 ஆர்14 டயர் (முதல் எண் மி.மீ.-இல் டயரின் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் அளவு, நடு எண்ணைப் பின்னால் சொல்கிறேன்). ஓட்டுவதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பார்வைக்குத்தான் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி இருக்கும். மட்கார்டு பெரிது, சக்கரம் சின்னது, நடுவில் கை நுழையும் இடைவெளி. பார்க்கிங்கில் பக்கத்து வண்டியின் அலாயை, அதாவது அலுமினியக் கலவைச் சக்கரத்தை, பார்க்கும்போதெல்லாம் மனசு அரிக்கும்.

கோவையில் ஒரு கடையில் கழற்றி வைத்த அலாய் செட் ஒன்று கண்ணில் பட்டது. 16 அங்குலம், 7 அங்குல அகலம், கறுப்பு நிறம், ஓரத்தில் மட்டும் வெள்ளி வரி. "நாலு நட்டுங்க, உங்க வண்டிக்கு அப்படியே உக்காரும்" என்றார் கடைக்காரர். ஒன்றை எடுத்து மாட்டியும் காட்டினார். நட்டு ஏறியது, சக்கரம் சுற்றியது. சரி, பொருந்திவிட்டது என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்லும் எண்களெல்லாம் அங்கேதான் இருந்தன.

டயர் விஷயத்தில் எனக்கு ஓரளவு விவரம் தெரியும் என்று நினைத்திருந்தேன். இதே வண்டியின் டாப் வேரியன்ட்டில் 185/65 ஆர்15 வருகிறது. அதனால் 185 அகலத்திலேயே 16 அங்குலத்துக்கு ஏதாவது போடலாம் என்பது என் திட்டம். கடைக்காரர் சிரித்தார். 7 அங்குல அலாயில் 185 டயரை ஏற்றினால் அது இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில்தான் போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 185/65-க்கு 5 முதல் 6.5 வரை. 195/55-க்கு 5.5 முதல் 7 வரை. 205/55-க்கு 5.5 முதல் 7.5 வரை. ஆக, 7 அங்குல ரிம்மை வாங்கிய நிமிடமே 185 என்பது என் கையை விட்டுப் போய்விட்டது. டயரைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, அந்தச் சக்கரம்.

மிச்சம் 195/55 ஆர்16, 205/55 ஆர்16. முதலாவது வர இரண்டு நாள் ஆகும். இரண்டாவது பல செடான்களுக்குப் போகிற சைஸ் என்பதால் ரேக்கிலேயே அடுக்கி இருந்தது. இரண்டு நாள் பொறுக்க முடியாத அவசரத்தில் 205-ஐ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அன்று இரவு சோறு கூடுதலாக இறங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே அதிர்வு தொடங்கியது. 80 வரை ஒன்றும் தெரியாது. 85-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும், 100-ஐத் தாண்டினால் அடங்கிவிடும். பேலன்ஸிங் செய்தேன். போகவில்லை. வேறு கடையில் செய்தேன், அலைன்மென்ட்டும் பார்த்தேன். போகவில்லை. மூன்றாவது கடையில் டயரே சரியில்லை என்றார்கள். புது டயர் என்று சொன்னதும் ரோடு சரியில்லை என்றார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தவர் பொள்ளாச்சியில் ஒரு வயதான மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றினார், சக்கரம் போய் உட்காரும் ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வளையத்தைத் தொட்டார், அலாயின் நடு ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுழற்றினார். "தம்பி, இது சட்டிக்கு மூடி பெருசா இருக்குற கதை" என்றார். என் வண்டியின் ஹப் 54.1 மி.மீ. அலாயின் நடு ஓட்டை 73.1 மி.மீ. வெளியில் விற்கிற அலாய்களைப் பல வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று பெரிய ஓட்டையோடுதான் வார்க்கிறார்கள். கம்பெனி சக்கரம் ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காரும், நட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். என் அலாயிலோ சக்கரத்தை நடுவில் நிறுத்துகிற வேலையும் நட்டுகளின் தலையில் விழுந்திருந்தது. கால் மில்லிமீட்டர் விலகினாலும் வேகத்தில் அது நடுக்கமாகத்தான் வெளியே வரும். பேலன்ஸிங் மெஷினில் அது தெரியவே தெரியாது. அங்கே சக்கரத்தை மெஷினின் கூம்பு நடுவில் நிறுத்திவிடுகிறது.

இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 54.1. நாலும் சேர்த்து சில நூறு ரூபாய்தான். போட்டவுடன் முக்கால்வாசி நடுக்கம் நின்றது. அதைவிடப் பெரிதாக அவர் காட்டியது நட்டை. கடையில் போட்டுக் கொடுத்த நட்டுகளில் ஒன்று வேறு வண்டியுடையது. சுசூகி வண்டிகளில் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற தண்டு, 12 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய்க்கும் அதே 12 மி.மீ. தடிமன்தான், ஆனால் மரை 1.5. இரண்டு சுற்று கையாலேயே ஏறும், அதன்பின் இறுகும். இறுகுகிறதே என்று நட்டு இறுக்கும் கன் மெஷினைப் போட்டு ஏற்றினால் மரையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். என் ஸ்டட் ஒன்று அப்படித்தான் பாதி மழுங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கடையில் சக்கரம் மாட்டினாலும் நட்டை முதலில் கையால் ஐந்தாறு சுற்று ஏற்றச் சொல்லிப் பார்ப்பேன். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை திரும்ப இறுக்கவும் செய்வேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

நட்டு என்றதும் இன்னொன்று. நாலு நட்டு என்பது போதாது, அந்த நாலும் எந்த வட்டத்தில் நிற்கின்றன என்பதுதான் கணக்கு. ஸ்விஃப்ட்டுக்கு எதிரெதிர் நட்டுகளின் நடுவே 100 மி.மீ. இதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். ஃபோர்டு ஃபிகோ 108, அது ஏறவே ஏறாது என்பதால் ஆபத்தில்லை. ஃபியட் புன்டோ 98. அந்தச் சக்கரம் 100-இல் கொஞ்சம் மல்லுக்கட்டி ஏறிவிடும், நட்டும் இறுகும், ஆனால் கோணலாக உட்காரும். "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல" என்கிற பேச்சை இந்த ஓர் இடத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நடுக்கம் நின்ற தைரியத்தில் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். நான், மனைவி, பையன், பின்னால் அம்மாவும் சித்தியும், டிக்கி நிறைய மூட்டை. ஆழியாறு வரைக்கும் சமதரை, ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து 'சர்ர்' என்று ஒரு சத்தம். மூட்டை உரசுகிறது என்று நினைத்தோம். மலை ஏறத் தொடங்கியதும் முன்பக்கமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது 'கர்ர்ர்'. "என்ன சாமி வண்டி அழுவுது?" என்று சித்தி இரண்டு முறை கேட்டுவிட்டார். 9ஆவது வளைவில், கீழே ஆழியாறு அணை தெரிகிற இடத்தில், எல்லோரும் போட்டோ எடுக்க இறங்கினார்கள். நான் மட்டும் சக்கரத்தின் அருகே உட்கார்ந்தேன். பின் டயரின் தோளில் மட்கார்டு விளிம்பு கத்தி மாதிரிச் சீவிய கோடு. முன்பக்கம் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து ஓட்டை விழும் நிலை. ரப்பர் தூள் கறுப்பு மிளகாய்ப்பொடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சம் 31 வளைவு. ஏறுவதா இறங்குவதா என்று யோசித்தபோது அணையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "வந்தது வந்தாச்சு, மெதுவாப் போடா" என்றார். மெதுவாகத்தான் போனோம். எவ்வளவு மெதுவாக என்றால், எங்களை முந்திய பேருந்தின் கண்டக்டர் படியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை அலாயைத் திருப்பிப் போட்டு முதுகைப் படித்தது. அகலத்துக்குப் பக்கத்தில் ஈ.டி. என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். ஆஃப்செட் என்பது அதுதான். சக்கரத்தின் அகலத்தை நேர் பாதியாக வெட்டுகிற நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் பரப்பு எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. சாதாரண கார்களில் அந்தப் பரப்பு வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கும். எண் பெரிதாக இருந்தால் சக்கரம் வண்டிக்குள்ளே ஒதுங்கும், சிறிதாக இருந்தால் வெளியே துருத்தும். என் அலாயில் அந்த எண் பழைய டிஸ்க்கில் இருந்ததைவிட 10 குறைவு.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 165-இலிருந்து 205-க்குப் போனதில் டயரின் அகலம் 40 மி.மீ. கூடியது. பக்கத்துக்கு 20. ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்தச் சக்கரமும் 10 வெளியே நகர்ந்தது. ஆக, டயர் பழைய இடத்திலிருந்து வெளிப்பக்கம் ஏறக்குறைய 30 மி.மீ., உட்பக்கம் 10 மி.மீ. வளர்ந்திருந்தது. ஆள் ஏறாதபோது மட்கார்டின் ஓரத்தோடு ஒட்டி அழகாக நின்றது இந்த 30-தான். பின் சீட்டில் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து ஸ்பிரிங் இறங்கியதும் டயரைச் சீவியதும் அதே 30-தான். இரண்டு நாள் பொறுத்து 195 போட்டிருந்தாலும் வெளிப்பக்கம் 25 வந்திருக்கும். அதனால் என் அவசரத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. தப்பு டயரில் இல்லை, அதற்கு முன்னால் நடந்துவிட்டது.

விட்டத்தையும் அன்றுதான் முதல்முறையாகக் காகிதத்தில் போட்டேன். 185/65 ஆர்15 என்றால் 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது மி.மீ. இல்லை, டயரின் பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம் என்று அர்த்தம். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறோம். 185-இல் 65 சதவீதம் 120.25, மேலும் கீழுமாக இரண்டு சுவர் 240.5. ரிம் 15 அங்குலம், ஓர் அங்குலம் 25.4 மி.மீ., ஆக 381. கூட்டினால் 621.5 மி.மீ. இதே போல் என் பழைய 165/80 ஆர்14 டயருக்கு 619.6. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் மொத்த விட்டம் 2 மி.மீ.கூட மாறவில்லை. கம்பெனிக்காரன் யோசித்துத்தான் போட்டிருக்கிறான். 195/55 ஆர்16 போட்டால் 620.9, அதுவும் கிட்டத்தட்ட அதே. நான் போட்ட 205/55 ஆர்16 மட்டும் 631.9, அதாவது 2 சதவீதம் கூடுதல்.

2 சதவீதம் பெரிய பாவம் இல்லை, 3-க்குள் இருந்தால் பலரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் மீட்டரைக் கொஞ்சம் கலைத்துவிடும். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது, மீட்டருக்கோ சுற்றுதான் தெரியும். முன்பு 100 என்று காட்டிய வேகத்தில் இப்போது மீட்டர் 98-தான் காட்டும். ஓடோமீட்டரும் அதே போல் குறைத்துத்தான் எண்ணும். அலாய் மாட்டியபின் மைலேஜ் 20-இலிருந்து 18-க்கு விழுந்ததாக நான் புலம்பியதில் கொஞ்சம் இந்தக் கணக்குப் பிழை. மிச்சம் நிஜம். அலாய் என்றால் எடை குறைவு என்று நானும் நம்பியிருந்தேன். மெக்கானிக்கின் தராசில் டயரோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பழைய இரும்பு டிஸ்க்கைவிட ஒவ்வொன்றும் 4 கிலோ கூடுதல்.

என் மச்சான் இதற்கு நேர் எதிர்த் தப்பைச் செய்தான். அவனுடையதும் ஸ்விஃப்ட். 14 அங்குல ரிம் அப்படியே இருக்கட்டும், டயர் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று 175/65 ஆர்14 போட்டுக்கொண்டு வந்தான். 165-ஐவிட 175 பெரிதுதானே? போட்டுப் பார்த்தால் விட்டம் 583.1. கிட்டத்தட்ட 6 சதவீதம் சின்னது. வண்டி 18 மி.மீ. தரையோடு இறங்கிவிட்டது, ஊர் வேகத்தடையிலெல்லாம் அடி வாங்கியது. மீட்டர் 100 காட்டினால் பழைய கணக்குக்கு 94-தான் போகிறான். அதைவிட மோசம் லோடு இண்டெக்ஸ். சைஸுக்குப் பின்னால் வருகிற எண் அது. அவன் கழற்றிப் போட்டது 85, ஒரு டயர் 515 கிலோ தாங்கும். மாட்டியது 82, தாங்குவது 475 கிலோ. ஐந்து பேர் உட்கார்ந்து திருச்செந்தூர் போகிற குடும்பம் அது. சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது, ஆனால் மாற்றினான். எண்ணுக்குப் பின்னால் வருகிற எழுத்து வேகத்துக்கு. எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210 கி.மீ. எண்ணும் எழுத்தும் கம்பெனி டயரில் உள்ளதைவிடக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் நான் வைத்திருக்கும் கோடு.

நான் அந்த 16 அங்குலத்தை உடனே விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போட்ட பணம் கண்ணை மறைத்தது. பின் சீட்டில் ஆள் ஏற்றாமல் இன்னும் சில மாதம் ஓட்டினேன். முடிவு கட்டியது பல்லடம் ரோட்டில் ஒரு குழி. இரவு, மழை, குழியில் தண்ணீர் நிறைந்து ரோடு மாதிரியே தெரிந்தது. பழைய டயரின் சுவர் 132 மி.மீ. உயரம், இது 113-க்கும் கீழே. அந்த 19 மி.மீ. மெத்தை இல்லாததால் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கியது. காற்று உடனே போனது. ஸ்டெப்னி மாற்றலாம் என்று டிக்கியைத் திறந்தால், வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் அலாயின் நட்டுக்குழிக்குள் நுழையவில்லை! குழி குறுகல், ஸ்பேனரின் வாய் தடிமன். மெல்லிய சாக்கெட் வேண்டும் என்று மாட்டும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் மழையில் நின்றபின் ஒரு லாரிக்காரர் தன் சாக்கெட் பெட்டியோடு இறங்கி வந்தார். பெயர்கூடக் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அதே பக்கத்துப் பின் டயரிலும் சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதை ஒட்ட முடியாது. இரண்டு டயர் போனது. அன்றோடு முடிவு செய்தேன்.

இரண்டாம் முறை வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். முதலில் டயர். டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் காற்றழுத்தம் போட்டிருக்கும், சைஸும் இருக்கும். அதையும் டாப் வேரியன்ட்டின் சைஸையும் வைத்து 185/65 ஆர்15, லோடு இண்டெக்ஸ் 88 என்று தீர்மானித்தேன். 560 கிலோ தாங்கும். சுவர் 120 மி.மீ., எங்கள் ஊர் ரோட்டுக்குப் போதும். அதன்பிறகு அந்த டயருக்கு ஏற்ற சக்கரம் தேடினேன். 15 அங்குலம், 6 அங்குல அகலம், பி.சி.டி. 100, ஆஃப்செட் பழைய டிஸ்க்கின் எண்ணே. நடு ஓட்டை மட்டும் பெரிது, அதற்கு அலுமினிய ரிங். பிளாஸ்டிக் ரிங்கும் வேலை செய்யும், ஆனால் பிரேக் சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் முதுகில் அது தாங்கும் எடையும் அச்சாகியிருந்தது. ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும் இருந்தது. முத்திரையைப் போலியாக அடிப்பவர்களும் உண்டு என்பதால் எடை எண் இல்லாத சக்கரத்தை நான் தொடுவதில்லை.

டயரின் சுவரில் உள்ள நாலு இலக்கத்தையும் பார்த்து வாங்கினேன். 2319 என்றிருந்தால் 2019-இன் 23ஆவது வாரம் செய்தது. வழக்கமாக ஓடாத சைஸ் கேட்டால் கடையில் தூங்கிய டயர் வர வாய்ப்பு அதிகம், எல்லோரும் வாங்குகிற சைஸில் புதுசு கிடைக்கும். டாப் வேரியன்ட் சைஸை எடுப்பதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது. ஸ்டெப்னியில் பழைய 165/80 டயரே கிடக்கிறது. விட்டம் 2 மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் பஞ்சர் கடை வரை ஓட்ட அது போதும்.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் வாதாடுவது கஷ்டம். இன்சூரன்ஸில் அலாயைக் கூடுதல் உபகரணம் என்று எழுதி வைக்காவிட்டால் திருடு போனபின் பேசிப் பயனில்லை. நான் எழுதி வைத்திருக்கிறேன், பிரீமியம் கொஞ்சம் கூடியது.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது? மட்கார்டின் இடைவெளி இன்னும் கொஞ்சம் தெரிகிறது. 16 அங்குலத்தின் கம்பீரம் இல்லை என்று பையன் வாரம் ஒரு முறை சொல்லிக்காட்டுகிறான். போன பொங்கலுக்கு மறுபடி வால்பாறை போனோம், அதே அம்மா, அதே சித்தி, அதே மூட்டை. 40 வளைவிலும் சத்தமில்லை. சித்திதான் நடுவில், "வண்டி மாத்திட்டியா சாமி?" என்று கேட்டார்.

பழைய அலாய் நாலும் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. விற்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் போன் செய்தார். "எத்தனை இன்ச், என்ன கலர்?" என்றார். சொன்னேன். "உங்க வண்டி என்னங்க? அதுல இப்ப என்ன ஆஃப்செட் இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் போனை வைத்துவிட்டார்.